போன் டேட்டாவில் லேப்டாப்பை ஓட்டுவது எப்படி: முதல் தடவை செய்பவர்களுக்கு

போன வருடம் மழைக்காலத்தில் ராஜபாளையத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கரண்ட் போனது. மோடமும் அணைந்துவிட்டது. அக்கா மகளுக்கு ஏழு மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது. என் போனில் அன்றைய 2 ஜிபி டேட்டா தொடாமல் அப்படியே இருந்தது. ஹாட்ஸ்பாட் ஆன் செய்து கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் இணைந்தது, எல்லோரும் நிம்மதியாக டீ போடப் போய்விட்டோம். ஆறே முக்காலுக்கு அவள் ஓடி வந்தாள்: "சித்தி, இன்னிக்கு டேட்டா முழுசும் முடிஞ்சிருச்சுன்னு மெசேஜ் வந்திருக்கு!"

அவள் ஒரு பக்கத்தைக்கூடத் திறந்திருக்கவில்லை. மூன்று மாதமாக மூடி வைத்திருந்த லேப்டாப், வைஃபை கிடைத்ததும் தன் பாக்கி அப்டேட்களை எல்லாம் வரிசையாக இறக்கிக்கொண்டிருந்தது. அவசரமாக ஒரு டேட்டா பேக் போட்டு இன்டர்வியூவைச் சமாளித்தோம்.

போன் டேட்டாவைப் பகிர்வது ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த வைஃபைக்குப் பின்னால் இருப்பது அளந்து கொடுக்கப்பட்ட மொபைல் டேட்டா என்று லேப்டாப்புக்குத் தெரியாது. வீட்டு ஃபைபர் இணைப்பைப் போலவே நினைத்துக்கொண்டு கை நிறைய அள்ளும். அதனால் எப்படி இணைப்பது என்பதோடு, இணைத்த கையோடு லேப்டாப்பில் என்ன மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

மூன்று வழிகள்

போனிலிருந்து இணையத்தை மூன்று வழிகளில் பகிரலாம். வைஃபை ஹாட்ஸ்பாட், யூஎஸ்பி கேபிள், ப்ளூடூத். கடைசி இரண்டையும் செட்டிங்ஸில் டெதரிங் என்று குறிப்பிட்டிருப்பார்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளை இணைக்க வேண்டும் என்றால் ஹாட்ஸ்பாட். ஒரே ஒரு லேப்டாப், அதுவும் பக்கத்திலேயே இருக்கிறது, நீண்ட நேர வேலை என்றால் கேபிள்தான் நல்லது: இணைப்பு அறுந்து அறுந்து வராது, போனும் சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும். ப்ளூடூத் மிகவும் மெதுவானது. மெயில் படிக்க, நாலு வரி செய்தி அனுப்பப் போதும், வீடியோவுக்கு உதவாது. பேட்டரியைக் குறைவாகத் தின்னும் என்பது மட்டும்தான் அதன் லாபம்.

ஆண்ட்ராய்டு போனில் ஹாட்ஸ்பாட்

முதலில் மொபைல் டேட்டா ஆனில் இருக்கிறதா, போனிலேயே ஒரு பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சிம் போட்டிருந்தால், எந்த சிம்மில் டேட்டா ஓடுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹாட்ஸ்பாட்டும் அதே சிம்மின் டேட்டாவைத்தான் எடுக்கும்.

அப்புறம் செட்டிங்ஸைத் திறங்கள். சாம்சங் போனில் 'கனெக்‌ஷன்ஸ்' என்ற பிரிவுக்குள் 'மொபைல் ஹாட்ஸ்பாட் அண்டு டெதரிங்' இருக்கும். மோட்டோரோலா, பிக்ஸல் போன்றவற்றில் 'நெட்வொர்க் அண்டு இன்டர்நெட்' என்பதற்குள் 'ஹாட்ஸ்பாட் அண்டு டெதரிங்'. வேறு போன்களில் 'போர்ட்டபிள் ஹாட்ஸ்பாட்' என்று இருக்கலாம். எங்கே இருக்கிறது என்று தேடி அலைய வேண்டாம். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் ஹாட்ஸ்பாட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் நேராக அங்கே கொண்டுபோய் விடும்.

ஆன் செய்வதற்கு முன் இரண்டு விஷயங்களை மாற்றிவிடுங்கள். ஒன்று, பெயர். கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு, நீங்கள் அடையாளம் கண்டுகொள்ளும்படி ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் சின்னதாக ஒரு பெயர் வையுங்கள். உங்கள் முழுப் பெயர், கதவு எண், போன் எண் எதுவும் அதில் வேண்டாம். அக்கம்பக்கத்தில் வைஃபை தேடும் எல்லோர் திரையிலும் அது தெரியும். இரண்டு, பாஸ்வேர்டு. குறைந்தது எட்டு எழுத்து இருக்க வேண்டும். ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக அடித்து வைப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் இணைப்பு வழியாக யார் எதைச் செய்தாலும், வெளியிலிருந்து பார்க்கும்போது அது உங்கள் சிம்மிலிருந்து நடந்ததாகத்தான் தெரியும். பாதுகாப்பு வகை என்ற இடத்தில் 'ஓப்பன்' என்பதைத் தேர்ந்தெடுக்கவே கூடாது என்பதும் அதனால்தான்.

இப்போது ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்யுங்கள். லேப்டாப்பில் வலது கீழ் மூலையில் உள்ள வைஃபை சின்னத்தைத் தொட்டால் சுற்றியுள்ள நெட்வொர்க்குகளின் பட்டியல் வரும். உங்கள் பெயரைத் தேர்ந்தெடுத்து பாஸ்வேர்டு கொடுங்கள். அவ்வளவுதான். இன்னொரு போனையோ டேப்லெட்டையோ இணைப்பதாக இருந்தால் பாஸ்வேர்டு அடிக்கக்கூடத் தேவையில்லை. புதிய ஆண்ட்ராய்டு போன்களில் ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே க்யூஆர் குறியீடு காட்டும் வசதி உண்டு. அதை ஸ்கேன் செய்தால் போதும்.

ஐபோனில்

செட்டிங்ஸில் 'பெர்சனல் ஹாட்ஸ்பாட்' என்றே இருக்கும். உள்ளே போய் 'அலவ் அதர்ஸ் டு ஜாயின்' என்பதை ஆன் செய்யுங்கள். பாஸ்வேர்டும் அங்கேயே இருக்கும். பெயரை மட்டும் அங்கே மாற்ற முடியாது. ஐபோனின் பெயர்தான் ஹாட்ஸ்பாட்டின் பெயர். 'ஜெனரல்', அதற்குள் 'அபவுட்' என்று போய் போனின் பெயரை மாற்ற வேண்டும்.

ஐபோனில் புதியவர்கள் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். ஆன் செய்துவிட்டு உடனே திரையை அணைத்துவிடுவார்கள். லேப்டாப்பில் பெயர் வராது. லேப்டாப் இணையும் வரை அந்த ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்தே வைத்திருங்கள்.

பெயரே தெரியவில்லை என்றால்

அடிக்கடி வரும் சிக்கல் இது. எனக்கும் நடந்தது. பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் பட்டியலில் வரிசையாக வந்தது. கையில் இருக்கும் என் போனின் பெயர் மட்டும் வரவில்லை.

ஹாட்ஸ்பாட் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் பேசும்: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். ஐந்தில் வேகம் அதிகம், ஆனால் சுவர்களைத் தாண்டும்போது சீக்கிரம் தேய்ந்துவிடும். 2.4இல் வேகம் குறைவு, எட்டும் தூரம் அதிகம். பழைய லேப்டாப்கள் பலவற்றுக்கும், மலிவான பிரிண்டர், கேமரா போன்றவற்றுக்கும் 2.4 மட்டும்தான் கேட்கும். போன் ஐந்தில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தால் அவற்றுக்குக் காது கேட்காது.

ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் அமைப்புகளுக்குள் 'பேண்ட்' என்று இருப்பதை 2.4க்கு மாற்றுங்கள். ஐபோன் 12லும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்பதை ஆன் செய்தால் அதே வேலை நடக்கும். பெயர் தெரிந்து, பாஸ்வேர்டும் சரியாக இருந்து, அப்படியும் இணையவில்லை என்றால் பாதுகாப்பு வகையைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 என்று மட்டும் இருந்தால் பழைய கருவிகளுக்குப் புரியாது. டபிள்யூபிஏ2 என்று மாற்றுங்கள்.

இணைந்த உடனே செய்ய வேண்டியது

லேப்டாப்பில் எதையும் திறப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்று ஒரு வசதி இருக்கிறது. மீட்டர் போட்ட இணைப்பு. ஆட்டோ மீட்டர் மாதிரிதான், ஓட ஓடக் கணக்கு ஏறும் என்று லேப்டாப்புக்குச் சொல்லி வைப்பது.

செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்டு இன்டர்நெட், வைஃபை என்று போங்கள். இணைந்திருக்கும் உங்கள் ஹாட்ஸ்பாட்டின் ப்ராப்பர்ட்டீஸைத் திறங்கள். கொஞ்சம் கீழே நகர்த்தினால் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்ற சுவிட்ச் தெரியும். அதை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் அந்த நெட்வொர்க்கின் பெயரோடு இதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை மறுபடி செய்ய வேண்டியதில்லை. ஆனால் போனில் ஹாட்ஸ்பாட்டின் பெயரை மாற்றினால் அது லேப்டாப்புக்குப் புது நெட்வொர்க். திரும்பவும் ஆன் செய்ய வேண்டும். கேபிள் வழியாக இணைத்தால் லேப்டாப் அதை வைஃபையாகப் பார்க்காது, 'ஈதர்நெட்' என்ற தலைப்பில் காட்டும். அங்கேயும் தனியாக ஒரு தடவை இதே சுவிட்சைப் போட்டுவிடுங்கள். அக்கா வீட்டு அனுபவத்துக்குப் பிறகு நான் யாருக்கு ஹாட்ஸ்பாட் கொடுத்தாலும், அவர்கள் லேப்டாப்பை வாங்கி இந்த ஒன்றைச் செய்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுக்கிறேன்.

இதைப் போட்டதும் பெரிய அப்டேட்கள் காத்திருக்கும். ஒன்டிரைவ் தன் வேலையை நிறுத்தி வைக்கும். ஆனால் எல்லாமே அடங்கிவிடாது. கேம் லாஞ்சர்கள், போட்டோ பேக்கப், மற்ற கிளவுட் செயலிகள் இந்தச் சுவிட்சை மதிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவற்றை நீங்களே மூடிவிடுங்கள். மேக் வைத்திருப்பவர்கள் வைஃபை அமைப்பில் அந்த நெட்வொர்க்கின் 'டீட்டெயில்ஸ்' பக்கத்துக்குப் போய் 'லோ டேட்டா மோடு' என்பதை ஆன் செய்ய வேண்டும். ஐபோனையோ ஐபேடையோ இணைப்பதாக இருந்தாலும், வைஃபை பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்னத்தைத் தொட்டால் இதே வசதி கிடைக்கும்.

எவ்வளவு டேட்டா செலவாகும்?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு தெரிந்தால் போதும். ஒரு நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் எதையாவது தொடர்ந்து ஓடவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி ஆகும். மற்றதை இதிலிருந்து பெருக்கிக்கொள்ளலாம்.

ஜூமில் இருவர் பேசும் 720பி வீடியோ அழைப்புக்கு நொடிக்கு 1.2 மெகாபிட் தேவை. ஒரு மணி நேரத்துக்கு 540 எம்பி. இங்கேதான் பலரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். உங்களுக்கு வரும் வீடியோவும் கணக்கு, நீங்கள் அனுப்பும் வீடியோவும் கணக்கு. இரண்டும் சேர்ந்தால் 1 ஜிபியைத் தாண்டிவிடும். தினம் 1.5 ஜிபி பிளானில் இருப்பவர் இரண்டு மணி நேர வகுப்பை இப்படிப் பார்க்க முடியாது. கேமராவை அணைத்துவிட்டால் கிட்டத்தட்டப் பாதி மிச்சம். குரல் மட்டும் என்றால் நொடிக்கு 80 கிலோபிட்டுக்குள் அடங்கிவிடும். போக வரச் சேர்த்தாலும் மணிக்கு 75 எம்பிக்கு மேல் போகாது. ஆசிரியர் காட்டும் ஸ்லைடுகள் தெரிந்தால் போதும், முகங்கள் வேண்டாம் என்றால் தயங்காமல் வீடியோவை நிறுத்திவிடுங்கள்.

யூடியூப்பில் இன்னொரு பொறி இருக்கிறது. போனின் சின்னத் திரையில் 480பியில் திருப்தியாகப் பார்த்த அதே வீடியோ, லேப்டாப்பில் திரை பெரிது என்பதால் தானாகவே உயர்ந்த தரத்துக்குத் தாவும். வீடியோ தொடங்கியதும் பல்சக்கரச் சின்னத்தைத் தொட்டு 480க்கோ 360க்கோ இறக்கிவிடுங்கள். பாடம் கேட்க அது தாராளம். நெட்ஃபிளிக்ஸில் எச்டி தரத்தில் படம் பார்த்தால் மணிக்கு 3 ஜிபி வரை போகும். அதை வீட்டு இணைப்புக்கு ஒதுக்கி வைப்பதுதான் நல்லது.

தினசரி அளவு தீர்ந்துவிட்டால் நம் ஊர் பிளான்கள் பலவற்றில் இணைப்பு அறுந்துபோகாது, வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். அதாவது நொடிக்கு 8 கேபி. 2 எம்பி உள்ள ஒரு போட்டோவை விண்ணப்பத்தில் ஏற்ற நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அந்தத் தளமே நேரம் முடிந்தது என்று வெளியே தள்ளிவிடும். வகுப்புக்கோ தேர்வு விண்ணப்பத்துக்கோ நம்பி உட்காரும் நாளில், முன்கூட்டியே டேட்டா மிச்சத்தைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். சில போன்களில் ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் டேட்டா வரம்பு போடும் வசதி உண்டு. 1 ஜிபி என்று வைத்தால் அதைத் தொட்டதும் போன் எச்சரிக்கும், அல்லது தானே நிறுத்திவிடும். வீட்டில் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

போனை எங்கே வைப்பது

ஹாட்ஸ்பாட் மெதுவாக இருக்கிறது என்றால் எல்லோரும் போனை லேப்டாப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். பெரும்பாலும் இது தப்பான திசை. போனுக்கு இரண்டு பக்கம் இணைப்பு இருக்கிறது: ஒன்று டவரோடு, இன்னொன்று உங்கள் லேப்டாப்போடு. டவர் தூரத்தில் இருக்கிறது, நடுவில் கான்கிரீட் சுவர்கள். லேப்டாப் அதே வீட்டில் இருக்கிறது. ஆகவே பலவீனமாக இருப்பது டவர் பக்கம்தான்.

அக்கா வீட்டில் நடு அறையில் சிக்னல் ஒரு கோடுதான் வரும். போனைத் தெருப் பக்க ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, லேப்டாப்பை நடு அறையிலேயே வைத்தோம். பக்கம் திறக்கும் வேகம் உடனே மாறியது. மூன்று நான்கு மீட்டரை வைஃபை சுலபமாகத் தாண்டிவிடும். ஜன்னலில் வைக்கும்போது வெயில் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹாட்ஸ்பாட் ஓடும்போது போன் எப்படியும் சூடாகும். சார்ஜரும் செருகி, வெயிலும் பட்டால் போன் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும் அல்லது சார்ஜ் ஆவதை நிறுத்தும். தடிமனான கவரைக் கழற்றிவிடுங்கள். தலையணை, மெத்தைமேல் வைக்க வேண்டாம்.

கேபிள் வழியாக

போனையும் லேப்டாப்பையும் கேபிளால் இணையுங்கள். பிறகு அதே ஹாட்ஸ்பாட் பக்கத்தில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். கேபிள் செருகும் வரை அந்த வரி மங்கலாகத்தான் இருக்கும். செருகிய பிறகும் மங்கலாகவே இருந்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் சில கேபிள்களில் சார்ஜுக்கான கம்பிகள் மட்டும்தான் இருக்கும், டேட்டா போகும் கம்பிகளே இருக்காது. போனோடு வந்த கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

விண்டோஸிலும் லினக்ஸிலும் ஆண்ட்ராய்டு போன் பொதுவாக உடனே வேலை செய்யும். மேக்கில் ஆண்ட்ராய்டின் யூஎஸ்பி டெதரிங் பெரும்பாலும் எடுபடாது, வைஃபையிலேயே இணைத்துக்கொள்ளுங்கள். ஐபோனை விண்டோஸோடு கேபிளில் இணைக்க, லேப்டாப்பில் ஐட்யூன்ஸ் அல்லது 'ஆப்பிள் டிவைசஸ்' செயலி இருக்க வேண்டும். செருகியதும் போனில் 'ட்ரஸ்ட்' என்று கேட்கும், அதற்குச் சரி கொடுக்க வேண்டும்.

வைஃபை வசதியே இல்லாத பழைய மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்குக் கேபிளில் ஒரு நல்ல உபயோகம் உண்டு. போன் வீட்டு வைஃபையில் இணைந்திருக்கும்போது யூஎஸ்பி டெதரிங் போட்டால், அந்த வைஃபை இணைப்பே கேபிள் வழியாகக் கணினிக்குப் போகும். மொபைல் டேட்டா செலவாகாது. தனியாக வைஃபை அடாப்டர் வாங்க வேண்டிய செலவும் மிச்சம்.

இணைந்திருக்கிறது, ஆனால் இன்டர்நெட் இல்லை

இந்த நிலைமையில் முதல் கேள்வி: எந்தப் பக்கம் அறுந்திருக்கிறது? போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். போனிலேயே வரவில்லை என்றால் சிக்கல் டவர் பக்கம். ஏரோப்ளேன் மோடைப் போட்டுப் பத்து நொடி கழித்து எடுங்கள். டேட்டா மிச்சத்தைப் பாருங்கள். போனில் நன்றாக வருகிறது, லேப்டாப்பில் மட்டும் வரவில்லை என்றால் கீழே உள்ளவற்றில் ஒன்றாக இருக்கும்.

லேப்டாப்பின் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) 169.254 என்று தொடங்கினால், போனிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை. போனில் ஹாட்ஸ்பாட்டையும் லேப்டாப்பில் வைஃபையையும் அணைத்து மறுபடி இணையுங்கள். போனில் விபிஎன் ஓடினால் அதை நிறுத்திப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டே ஆன் ஆகவில்லை என்றால் 'டேட்டா சேவர்' போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் அது ஆனில் இருக்கும்போது ஹாட்ஸ்பாட் வேலை செய்யாது.

அழைப்பு வரும்போதெல்லாம் இணைப்பு நின்றுவிடுகிறதா? வோல்ட்இ, அதாவது 4ஜி நெட்வொர்க்கிலேயே அழைப்பும் பேசும் வசதி, ஆஃபில் இருக்கலாம். அது இல்லாவிட்டால் அழைப்பு பழைய நெட்வொர்க்குக்கு இறங்கி, பேசி முடியும் வரை டேட்டா நிற்கும். மொபைல் நெட்வொர்க் அமைப்பில் ஆன் செய்யுங்கள். அழைப்பு இரண்டாவது சிம்மில் வந்தால் இது உதவாமல் போகலாம். முக்கியமான வகுப்பு நேரத்தில் அந்த சிம்மைத் தற்காலிகமாக அணைத்து வைப்பது நல்லது.

எதுவும் பலிக்கவில்லை என்றால் ஏபிஎன்னைப் பாருங்கள். சிம் நெட்வொர்க்கிலிருந்து இணையத்துக்குப் போகும் வாசலுக்கான அமைப்பு அது. மொபைல் நெட்வொர்க் அமைப்பில் 'ஆக்சஸ் பாயின்ட் நேம்ஸ்' என்று இருக்கும். உங்கள் ஏபிஎன்னைத் திறந்து 'ஏபிஎன் டைப்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே ஏற்கெனவே இருப்பதற்குப் பின்னால் ஒரு காற்புள்ளி போட்டு, டி, யூ, என் என்ற மூன்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளைச் சேர்த்துச் சேமியுங்கள். டெதரிங் போக்குவரத்துக்கான குறி அது. சில போன்களில் அது விடுபட்டிருக்கும். ஐபோனில் 'பெர்சனல் ஹாட்ஸ்பாட்' என்ற வரியே காணாமல் போயிருந்தால், அதற்கான ஏபிஎன் காலியாக இருக்கலாம். உங்கள் நெட்வொர்க்கின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டு நிரப்புங்கள்.

சும்மா இருக்கும்போது ஹாட்ஸ்பாட் தானாக அணைந்துவிடுவது பழுது இல்லை. யாரும் இணையாமல் கொஞ்ச நேரம் போனால் பேட்டரியைக் காக்க போன் அதை அணைத்துவிடும். 'டர்ன் ஆஃப் ஹாட்ஸ்பாட் ஆட்டோமேட்டிக்கலி' என்பதில் இந்த நேரத்தை மாற்றலாம், நிறுத்தவும் செய்யலாம். தானாக அணையும் அந்த வசதியை நான் ஆனிலேயே வைத்திருக்கிறேன்.

வேலை முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு, லேப்டாப்பில் அந்தப் பெயருக்கு 'கனெக்ட் ஆட்டோமேட்டிக்கலி' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த தடவை வேறு யாருக்காகவோ நீங்கள் ஹாட்ஸ்பாட் போடும்போது, பையில் உறங்கும் லேப்டாப்பும் விழித்து வந்து சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்ளும். ரயிலிலோ ஹாஸ்டலிலோ வெளியாள் ஒருவருக்கு பாஸ்வேர்டு கொடுத்திருந்தால், அவர் கிளம்பியதும் அதையும் மாற்றிவிடுங்கள்.